காப்பிப் பழத்தின் எடைக் கணக்கு

நாகர்கோவில் வடசேரியில் அசம்பு ரோடு என்று ஒரு சாலை உண்டு. நாள்தோறும் அதன் வழியே செல்வோரில் பலர், அது வடக்கே நிற்கும் மலையின் பெயர் என்பதை நினைப்பதில்லை. 1860களில் அம்மலைச் சரிவுகளில் ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் காடு திருத்திக் காப்பி பயிரிட்டார்கள். 1869இல் இலங்கையில் தலைகாட்டிய இலைத்துரு நோய் பின்னர் தென்னிந்திய மலைகளுக்கும் பரவியது. காப்பி தளர்ந்தது. நாளடைவில் தேயிலையும் ரப்பரும் கிராம்பும் நமது மலைகளில் இடம் பிடித்தன. இன்று நாஞ்சில் நாட்டு விவசாயிக்குக் காப்பி ஒரு பானமே அன்றிப் பயிர் அன்று. அதிலும் கருப்பட்டிக் காப்பியையே விரும்பிக் குடிப்பவர்கள் நம்மில் அநேகர். அப்படியிருக்க, ஒரு காப்பி ஆலையைக் காண்பதற்காக நாம் 300 கிலோமீட்டருக்கு மேல் காரில் சென்றது எதற்காக என்று வாசகர்கள் கேட்கலாம்.

ரப்பர், கிராம்பு, மட்டி வாழை, தேன் ஆகிய நமது மாவட்டப் பொருள்கள் எல்லாவற்றிலும், விளைவிப்பது வரையிலான வேலையே நமது கண்ணுக்குத் தெரிகிறது. வியாபாரியின் தராசில் ஏறிய பின் பொருள் என்ன ஆகிறது, எத்தனை தடவை எடை குறைகிறது, எந்த இடத்தில் விலை ஏறுகிறது என்பவற்றை நாம் பார்ப்பதில்லை. பார்க்காததால் கேட்பதும் இல்லை. காப்பி விவசாயிகளின் நிலையும் நெடுங்காலம் இதுவாகவே இருந்தது. ஆனால் மலைப் பிரதேசங்களில் சில காப்பித் தோட்டங்கள், காரில் வரும் பிரயாணிகளுக்குத் தங்கள் ஆலையைத் திறந்து வைத்து, பழம் வந்து இறங்குவது முதல் தூள் பொட்டலமாவது வரை எல்லாவற்றையும் காட்டுகின்றன. தோட்டக்காரர் இதை வியாபாரத்துக்காகச் செய்கிறார். பார்க்கப் போகும் விவசாயி அதிலிருந்து தனக்கு வேண்டிய கணக்கைக் கற்றுக்கொண்டு வரலாம் என்று நமக்குத் தோன்றியது.

மார்கழி மாதத்தில் ஒரு நாள் விடியுமுன் புறப்பட்டோம். நம்மோடு ரப்பர் விவசாயி ஒருவர், மாறாமலைப் பக்கம் கிராம்பு மரங்களைக் குத்தகைக்கு எடுத்திருப்பவர் ஒருவர், மகளிர் சுய உதவிக் குழுவில் ஏத்தங்காய் சிப்ஸ் தயாரித்து விற்கும் அம்மையார் ஒருவர், முன்பு ஊராட்சி மன்ற உறுப்பினராக இருந்த பெரியவர் ஒருவர் ஆகியோர் வந்தனர். ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி முப்பந்தல் காற்றாலைகளைக் கடந்தபோது கிழக்கு வெளுத்தது. திருநெல்வேலி, மதுரை, வாடிப்பட்டி, நிலக்கோட்டை வழியாக வத்தலக்குண்டை அடைந்தோம். நான்கு வழிச் சாலைப் பயணத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

வத்தலக்குண்டுக்கு அப்பால் இருக்கும் பட்டிவீரன்பட்டி, கீழ்ப்பழனி மலைக் காப்பியின் தலைவாசல். மலையில் விளையும் காப்பிக்கொட்டையை உமி நீக்கித் தரம் பிரிக்கும் ஆலைகள் இவ்வூரில் பல தலைமுறைகளாக உள்ளன. சுயமரியாதை இயக்கத் தலைவர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் இவ்வூர்க்காரர். காப்பித் தோட்டக் குடும்பத்தவர். ராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்தபோது, பஸ்களில் தாழ்த்தப்பட்ட மக்களையும் ஏற்றிச் செல்ல வேண்டும் என்று ஆணையிட்டவர் அவர். உள்ளாட்சிப் பதவியில் இருப்பவர்கள் நினைவில் வைக்கத் தக்க செய்தி என்று நம்முடன் வந்த பெரியவர் அதை வழியில் எடுத்துச் சொன்னார்.

அங்கிருந்து சித்தரேவு, பெரும்பாறை வழியாக மலைப்பாதை தாண்டிக்குடிக்கு ஏறுகிறது. காப்பி வாரியத்தின் வட்டார ஆராய்ச்சி நிலையமும், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் தாண்டிக்குடியில் இருக்கின்றன. நாம் சென்ற தோட்டம் அந்த வட்டாரத்தைச் சேர்ந்தது. சில்வர் ஓக் மரங்களும் கல்யாண முருங்கையும் நிழல் தர, அவற்றின் மேல் மிளகுக் கொடி படர்ந்திருக்க, அடியில் ஆளுயரக் காப்பிச் செடிகளும் இடையிடையே மலை வாழையும் நின்றன. ஒரே நிலத்தில் மூன்று பயிர். காப்பி விலை சரிந்த ஆண்டுகளில் மிளகும், வாழையில் முடிக்கொத்து நோய் வந்த ஆண்டுகளில் காப்பியும் குடும்பத்தைக் காப்பாற்றியதாக அங்குள்ளவர்கள் கூறினார்கள்.

பறிப்பும் மிதவையும்

காப்பிப் பழம் எல்லாம் ஒருங்கே பழுப்பதில்லை. ஒரே கிளையில் சிவந்த பழமும் மஞ்சள் காயும் பச்சைக் காயும் இருக்கும். நன்கு சிவந்ததை மட்டும் பறித்து, மற்றதை விட்டு, மீண்டும் சில நாள் கழித்து வரவேண்டும். ஒரே முறையில் கிளையை உருவிவிட்டால் கூலி மிச்சம். ஆனால் காய் கலந்த சரக்கில் தூளுக்குக் காறல் ருசி ஏறிவிடும். நாம் பார்த்த ஆலையில் பழம் வந்து இறங்கியதும் முதல் வேலையாகத் தண்ணீர்த் தொட்டியில் கொட்டினார்கள். பருப்புப் பிடிக்காத பழமும் வண்டு துளைத்த பழமும் மிதந்தன. விதைநெல்லை உப்பு நீரில் போட்டுப் பதர் நீக்கும் நமக்கு இது புதிதன்று. மிதவையைத் தனியாக அள்ளித் தனிக் களத்தில் காய வைக்கிறார்கள். அதை நல்ல சரக்குடன் சேர்ப்பதில்லை.

பறித்த பழத்தை அன்றே தோல் உரிக்க வேண்டும். ஓர் இரவு சாக்கில் கிடந்தால் சூடேறிப் புளித்துவிடும். தோல் உரிக்கும் யந்திரத்தைப் பல்பர் என்று அழைக்கிறார்கள். பழம் உருளைக்கும் தகட்டுக்கும் இடையில் நசுங்கி, கொட்டை ஒரு புறமும் தோல் ஒரு புறமும் விழுகின்றன. பழத்தின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு இவ்வாறு தோலாகவே கழிந்துவிடும். அது குப்பைக் குழியில் மக்கி மீண்டும் செடிக்கு உரமாகிறது.

உரித்த கொட்டையின் மேல் வழுவழுப்பான பசை ஒன்று ஒட்டியிருக்கும். அதை நீக்குவதற்காகத் தொட்டியில் ஒரு நாளோ, குளிர் அதிகமானால் ஒன்றரை நாளோ புளிக்க விடுகிறார்கள். புளித்தது போதும் என்று எப்படி அறிவது? மேற்பார்வையாளர் ஒரு கம்பைக் கொட்டைக் குவியலில் ஊன்றி எடுத்தார். துளை மூடாமல் நின்றது. ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் தேய்க்கச் சொன்னார். கூழாங்கல்லைத் தேய்ப்பதுபோல் கரகரவென்றது. அதற்கு மேல் ஒரு வேளை தாமதித்தாலும் புளிப்பு கொட்டைக்குள் இறங்கிவிடும் என்றார்.

பிறகு கழுவுதல். இங்கேதான் ஊராட்சி உறுப்பினர்கள் சற்று நின்று பார்க்க வேண்டும். தோல் உரிக்கவும் கழுவவும் ஏராளமான தண்ணீர் செலவாகிறது. வெளியேறும் நீர் பழுப்பு நிறமும் புளித்த வாடையும் கொண்டது. அதில் கரைந்துள்ள சர்க்கரையும் பசையும் அழுகும்போது ஓடைநீரின் பிராணவாயுவைத் தின்றுவிடும். மீன் சாகும். கீழே உள்ள ஊரில் அந்நீரைக் குடிக்க முடியாது. இந்த மலைச் சரிவுகளின் மழைநீர் மருதாநதியாக இறங்கி அய்யம்பாளையம் அருகே அணையில் தேங்குகிறது என்பதை எண்ணிப் பார்த்தால், மலைமேல் திறந்துவிடப்படும் ஒவ்வொரு தொட்டிக்கும் சமவெளியில் பாதிக்கப்படுபவர் உண்டு என்பது விளங்கும். நாம் சென்ற ஆலையில் கழுவுநீரைச் சுண்ணாம்பு சேர்த்துப் புளிப்பை முறித்து, அடுத்தடுத்த குளங்களில் தேக்கித் தெளியவைத்து, பின்னரே தோட்டத்துக்குப் பாய்ச்சுகிறார்கள். பிரயாணிகள் நடக்கும் பாதை அந்தக் குளங்களின் கரைமீதே போகிறது. யார் வந்தாலும் பார்க்கும் இடத்தில் இருப்பதை ஒளித்துக் கெடுக்க முடியாது. ஆலை வாசல் திறந்திருப்பதால் ஊருக்குக் கிடைக்கும் முதல் நன்மை இதுவே என்று நமக்குப் பட்டது.

களத்தில் போகும் எடை

கழுவிய கொட்டையின் மேல் மெல்லிய உமி ஒன்று மூடியிருக்கும். இந்த நிலையில் உள்ளதைப் பார்ச்மெண்ட் காப்பி என்கிறார்கள். தோல் உரிக்காமல் பழத்தை அப்படியே உலர்த்தினால் அது செர்ரிக் காப்பி. ரப்பர் விவசாயிகளுக்கு ஒரே வார்த்தையில் சொல்வதானால், பார்ச்மெண்ட் என்பது பாலை உறையவைத்து அழுத்திப் புகையிட்ட ஷீட் போல. செர்ரி என்பது ஒட்டுப்பால் போல. பின்னதில் உழைப்பும் குறைவு, விலையும் குறைவு.

பார்ச்மெண்டைச் சிமெண்டுக் களத்திலோ கம்பிவலை மேசையிலோ பரப்பி, மணிக்கொருமுறை கிளறி, ஏழு முதல் பத்து நாள் வரை உலர்த்துகிறார்கள். கீழ்ப்பழனி மலைக்கு வடகிழக்குப் பருவமழை உண்டு. அறுவடையும் அதே பருவத்தில்தான் தொடங்குகிறது. கும்பப்பூ நெல் களத்தில் கிடக்கும்போது மாசி மழை பெய்தால் நமது நெஞ்சு எப்படிப் பதைக்குமோ, அந்தப் பதைப்பு அவர்களுக்குக் கார்த்திகை, மார்கழி முழுவதும் உண்டு. நாம் நின்றுகொண்டிருந்தபோதே ஒரு மேகம் வந்தது. விருந்தாளிகளை அப்படியே விட்டுவிட்டு எல்லோரும் தார்ப்பாயை நோக்கி ஓடினார்கள். நாமும் ஒரு முனையைப் பிடித்தோம். அது தூறலோடு போய்விட்டது.

எத்தனை ஈரம் வரை உலர்த்துவது என்பதில்தான் சிறு விவசாயி ஏமாறுகிறார். பார்ச்மெண்டில் ஈரம் 10 சதவீதமாகக் குறைய வேண்டும் என்பது முறை. 14 சதவீத ஈரத்தில் 100 கிலோ இருக்கும் சரக்கை 10 சதவீதத்துக்கு உலர்த்தினால் அது 95 கிலோ 600 கிராம் ஆகிவிடும். “நாலரைக் கிலோவை வெயிலுக்குக் கொடுப்பானேன், ஈரத்தோடேயே விற்றுவிடுவோம்” என்று நினைப்பது இயற்கை. ஆனால் வியாபாரி அந்த ஈரத்தை அறியாதவர் அல்லர். நாலரைக் கிலோவுக்குப் பதிலாக ஆறு, ஏழு கிலோ என்று மதிப்பிட்டுக் கழித்துக்கொள்வார். பூஞ்சணம் பிடிக்கும் அபாயத்தையும் விலையில் குறைப்பார். உலர்த்தும் வேலையை அவர் செய்துகொண்டு அதற்கான கூலியைப் போல் இரு மடங்கை நம்மிடமே வாங்கிக்கொள்கிறார். ஈரம் காட்டும் சிறு கருவி ஒன்று அந்த ஆலையின் வாசலிலேயே வைக்கப்பட்டிருந்தது. அக்கம்பக்கத்துச் சிறு விவசாயிகளும் தங்கள் சரக்கைக் கொண்டுவந்து பார்த்துக்கொள்கிறார்கள்.

இந்தியாவில் காப்பித் தோட்டங்களில் மிகப் பெரும்பாலானவை 10 ஹெக்டேருக்குக் குறைந்த சிறு தோட்டங்களே. கர்நாடகமும் கேரளமும் விளைச்சலில் முதல் இரண்டு இடங்களைப் பெற, தமிழ்நாடு மூன்றாவதாக நிற்கிறது. 1942ஆம் ஆண்டுக் காப்பிச் சட்டத்தின் கீழ், விளைந்த காப்பி அனைத்தையும் பொதுத் தொகுப்பில் ஒப்படைக்க வேண்டும் என்ற முறை அரை நூற்றாண்டு இருந்தது. வாரியம் விற்றுத் தவணைகளில் பணம் தந்தது. பணம் வரத் தாமதமாயிற்று என்ற குறை இருந்தாலும், தரமும் எடையும் ஒரு முறைப்படி கணக்கிடப்பட்டன. 1992 முதல் அக்கட்டு படிப்படியாகத் தளர்ந்து 1996இல் முழுவதும் நீங்கியது. இப்போது விவசாயி தன் விருப்பப்படி விற்கலாம். அந்த உரிமையோடு கணக்குத் தெரிந்திருக்க வேண்டிய பொறுப்பும் அவர் தலையில் வந்து சேர்ந்தது.

நூறு கிராம் சோதனை

ஆலையின் உள்ளே ஒரு மேசையில் சிறு தராசும், கையால் சுற்றும் உமி நீக்கி ஒன்றும் இருந்தன. பிரயாணிகளுக்கு வேடிக்கை காட்டுவதற்காக வைத்தவை என்று முதலில் நினைத்தோம். மேற்பார்வையாளர் 100 கிராம் பார்ச்மெண்டை நிறுத்து, உமி நீக்கி, பருப்பை மட்டும் மீண்டும் தராசில் இட்டார். 80 கிராம் நின்றது. அதேபோல் 100 கிராம் செர்ரியை உடைத்தார். பாதியை ஒட்டியே நின்றது. ஒரு மூட்டையிலிருந்து எத்தனை கிலோ சுத்தப் பருப்பு கிடைக்கும் என்ற இந்த அளவை அவுட்டர்ன் என்று வழங்குகிறார்கள். காப்பிக்கு விலை பேசுவதெல்லாம் இதை வைத்துத்தான். இந்த எண் தெரியாமல் மூட்டைக்கு இவ்வளவு என்று பேசுகிறவர், பால் எத்தனை தண்ணீர் என்று தெரியாமல் விலை பேசுகிறவரைப் போன்றவர்.

நம்மோடு வந்த ரப்பர் விவசாயி அந்த மேசையை விட்டு நகரவில்லை. இருபது வருஷமாக ஷீட் விற்றுவருவதாகவும், வியாபாரி வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்து ‘இது நாலாம் தரம் இல்லை, ஐந்து’ என்று சொல்வதைத் தாம் ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை என்றும் கூறினார். மறுக்க வேண்டுமானால் நாலாம் தரத்து ஷீட் எப்படி இருக்கும் என்று தமக்குத் தெரிந்திருக்க வேண்டுமே என்றார்.

உமி நீக்கிய பருப்பைச் சல்லடைகளில் தரம் பிரிக்கிறார்கள். 7.1 மில்லிமீட்டர் துளையில் விழாமல் நிற்பது முதல் தரம். 6.65 மில்லிமீட்டரில் நிற்பது அடுத்தது. 6 மில்லிமீட்டரில் நிற்பது அதற்கும் அடுத்தது. இரட்டைப் பருப்புக்குப் பதில் உருண்டையாக ஒற்றைப் பருப்பாய் விளைந்தது தனி ரகம். பெருமளவுச் சரக்கு இந்த வேலைக்காகப் பட்டிவீரன்பட்டிக்கே இறங்குகிறது. தோட்டத்து ஆலையில், வாசலில் விற்கும் அளவுக்கு மட்டும் செய்கிறார்கள். சல்லடைக்குப் பின்னும் கறுத்ததையும் உடைந்ததையும் பொறுக்குவது பெண்களின் கைதான்.

பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பொறுக்கும் அந்தக் கூடத்தில் பிரயாணிகள் சிலர் கைப்பேசியை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தது நமக்குப் பிடிக்கவில்லை. சிப்ஸ் தயாரிக்கும் நமது அம்மையார், உங்களுக்கு இது சங்கடமாக இல்லையா என்று ஒரு பெண்ணிடம் கேட்டார். பார்ப்பதில் ஒன்றும் இல்லை, கேட்டுவிட்டுப் படம் எடுத்தால் போதும், ஆனால் யாரும் கேட்பதில்லை என்பது அப்பெண்ணின் பதில். ஆலையைக் காட்டுகிறோம் என்று சொல்லும்போது அதில் வேலை செய்பவரும் காட்சிப் பொருளாகிவிடக் கூடாது. அங்கே தொங்கிய அறிவிப்புப் பலகைகளில் இதற்கும் ஒன்று இருந்திருக்கலாம்.

வறுவலும் கோப்பையும்

வறுக்கும் உருளையின் பக்கத்தில் நின்றபோது, காலையிலிருந்து வராத காப்பி மணம் முதன்முறையாக வந்தது. பச்சைப் பருப்புக்கு அந்த மணமே கிடையாது. 200 டிகிரிக்கு மேல் சூடேறும்போது பருப்பு பொரிந்து, ஊதி, கறுத்து, மணக்கிறது. கூடவே எடையில் 15 முதல் 20 சதவீதம் வரை இழக்கிறது. பக்கத்து அறையில் ருசி பார்ப்பவர் கோப்பை கோப்பையாகக் கரண்டியில் எடுத்து, ஓசையுடன் உறிஞ்சி, துப்பிக்கொண்டிருந்தார். ஊரில் யாராவது காப்பியை இப்படிக் குடித்தால் என்ன சொல்வோம் என்று பெரியவர் மெல்லச் சிரித்தார்.

இப்போது எடைக் கணக்கை ஒருமுறை கூட்டிப் பார்ப்போம். 6 கிலோ பழுத்த பழம், தோல் நீங்கி உலர்ந்து ஏறத்தாழ ஒன்றேகால் கிலோ பார்ச்மெண்ட் ஆகிறது. உமி நீங்கினால் 1 கிலோ பருப்பு. வறுத்து அரைத்தால் 830 கிராம் அளவில் தூள். ஒரு கோப்பைக்கு 10 கிராம் என்று வைத்தால் 83 கோப்பை. அதில் 100க்கு 30 பங்கு சிக்கரி கலந்தால் கலவை ஏறத்தாழ 1,180 கிராம். கோப்பைகளும் 118 ஆகிவிடும். உங்கள் ஊர்க் கடையில் ஒரு கோப்பைக் காப்பி என்ன விலை என்பதை எழுதி, 118ஆல் பெருக்குங்கள். பாலுக்கும் சர்க்கரைக்கும் எரிபொருளுக்கும் கடைக்காரரின் உழைப்புக்கும் தாராளமாகக் கழியுங்கள். மிச்சத்தை, 6 கிலோ பழத்துக்கு மலையில் கிடைக்கும் விலையோடு ஒப்பிடுங்கள். 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிகாக் காப்பி இதுவரை காணாத விலைக்கு ஏறியது. அந்த ஆண்டிலும் பழமாகவே விற்றவருக்குக் கிடைத்தது, உலர்த்தி விற்றவருக்குக் கிடைத்ததில் ஒரு பகுதிதான்.

சிக்கரியைப் பற்றி ஒரு வார்த்தை. அது ஒரு கிழங்கு. உடலுக்குக் கெடுதல் என்று சொல்வதற்கில்லை. சிலருக்கு அந்தக் கெட்டியான டிகாக்ஷன்தான் பிடிக்கும். ஆனால் கலவையில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்றும், எது எவ்வளவு என்பதைப் பொட்டலத்தில் அச்சிட வேண்டும் என்றும் நமது நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி கூறுகிறது. பொட்டலத்தைத் திருப்பி அந்தச் சிறிய எழுத்தைப் படிப்பவர்கள் குறைவு.

பெயர் யாருடையது

பொட்டலத்தில் எழுதியிருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்குப் பசிபிக் கடலில் உள்ள ஹவாய்த் தீவு சாட்சி. அங்கே கோனா என்னும் மலைச்சரிவில் விளையும் காப்பிக்கு உலகில் நல்ல பெயர். 1899இல் உலகச் சந்தையில் விலை சரிந்தபோது பெரிய முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாகக் குத்தகைக்கு விட்டனர். ஜப்பானிலிருந்து கூலிக்கு வந்த குடும்பங்கள் பல அவற்றை ஏற்றுப் பயிரிட்டன. இன்றும் அங்கே பெரும்பாலானவை சில ஏக்கர்த் தோட்டங்களே. காரில் சுற்றிப் பார்க்க வரும் பிரயாணிகள் ஒரு தோட்டத்தில் இறங்கி, ஆலையைப் பார்த்து, கோப்பை குடித்து, கையில் ஒரு பொட்டலத்தோடு போகிறார்கள். இடைத்தரகர் இல்லாத அந்த விற்பனை சிறு தோட்டக்காரருக்குப் பெரிய துணை. ஆனால் வெளியூர்க் காப்பியில் 10 சதவீதம் கோனாக் காப்பியைக் கலந்து, பொட்டலத்தின் முகப்பில் கோனா என்று போட்டு விற்க ஹவாய்ச் சட்டம் நெடுங்காலம் இடம் தந்தது. விவசாயிகள் விடாமல் போராடினார்கள். 2027 ஜூலை முதல் குறைந்தது 51 சதவீதமாவது இருக்க வேண்டும் என்று 2024இல் சட்டம் இயற்றப்பட்டது.

இது நமக்குத் தூரத்துக் கதை அன்று. கன்னியாகுமரிக் கிராம்புக்கு 2021இலும், மட்டி வாழைக்கும் மார்த்தாண்டம் தேனுக்கும் 2023இலும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. 1920களில் டாக்டர் ஸ்பென்சர் ஹாட்ச் தலைமையில் இளைஞர் கிறிஸ்தவ சங்கத்தார் மார்த்தாண்டத்தில் நடத்திய கிராமப் புனரமைப்பு நிலையம் வீட்டுக்கு வீடு தேனீப் பெட்டியைக் கொண்டுசேர்த்தது. அந்தப் பெயருக்கு நூறு ஆண்டு உழைப்பு பின்னால் இருக்கிறது. பெயரைப் பதிவு செய்தாகிவிட்டது. அந்தப் பெயரை ஒட்டிய புட்டிக்குள் எந்த ஊர்த் தேன் இருக்கிறது என்பதைப் பார்த்துக்கொள்ளும் வேலை இனித்தான் இருக்கிறது. கன்னியாகுமரிக்கு வரும் பிரயாணிகளின் கார்கள் நமது தோட்டங்களின் ஓரமாகத்தான் ஓடுகின்றன. தேன் பிழிவதையோ கிராம்பு உலர்வதையோ காட்டும் இடம் ஒன்று அவர்கள் கண்ணில் பட்டால், நிற்பவர்கள் நிற்பார்கள். மூணாறில் தேயிலை செய்யும் விதத்தைக் காட்டுவதற்காக 2005இல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. மூணாறுக்குப் போகிறவர்கள் அதையும் பார்த்துவிட்டே திரும்புகிறார்கள்.

ஆயினும் கார்கள் வருவது முழுக்க நன்மையே என்று சொல்லத் துணியமாட்டோம். தோட்டத்துக்குப் போகும் மலைப்பாதையில் எதிரும் புதிருமாக இரண்டு வண்டிகள் அரை மணி நேரம் நின்றதையும், பள்ளிக்குச் சென்று திரும்பிய பிள்ளைகள் அவற்றின் இடையில் நுழைந்து சென்றதையும் பார்த்தோம். கோடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் வரும் வண்டிகளை எண்ணிக்கொள்ள, சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் மின் அனுமதிச் சீட்டு முறை வந்தது. அந்த நிலை வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. நமது ஊரில் யாராவது ஓர் ஆலையையோ தோட்டத்தையோ பிரயாணிகளுக்குத் திறக்கப் போவதாகச் சொன்னால், வண்டிகளைச் சாலையில் அன்றித் தன் நிலத்துக்குள் நிறுத்த இடம் வைத்திருக்கிறாரா, வருவோர்க்கும் வேலை செய்யும் பெண்களுக்கும் கழிப்பிடம் உண்டா, கழிவுநீர் எந்த ஓடையில் சேரும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு பெற்றாயிற்றா, வாசலில் விற்பது அந்த ஊர்ச் சரக்குத்தானா என்று ஊராட்சி கேட்க வேண்டும். கடைசிக் கேள்வியைக் கேட்கச் சங்கடப்பட வேண்டாம். கோனாவில் அதைக் கேட்கத் தாமதித்ததன் பலனைப் பார்த்தோம்.

ஆலை வாசலில் கால்கிலோப் பொட்டலம் ஆளுக்கு ஒன்று வாங்கிக்கொண்டு இருட்டுமுன் மலை இறங்கினோம். கிராம்புக்காரர் மட்டும் பொட்டலத்தோடு, கையடக்கத் தராசு எங்கே கிடைக்கும் என்று மேற்பார்வையாளரிடம் விசாரித்துக்கொண்டு வந்தார்.

தை பிறந்து கிராம்பு பறிக்கத் தொடங்கிய பின் அவரைப் பார்க்கப் போனோம். பச்சை மொட்டு 10 கிலோவை நிறுத்துத் தனிப் பாயில் உலர்த்தி, நாள்தோறும் மாலையில் எடை பார்த்து, மகனுடைய பழைய நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தார். நாலாம் நாள் 3 கிலோ 600 கிராம். ஐந்தாம் நாள் 3 கிலோ 250. நாம் போனது ஆறாம் நாள். 3 கிலோ 200 இருந்தது. ஒரு மொட்டை எடுத்து ஒடித்துப் பார்த்தார். இன்னும் ஒரு வெயில் காய வேண்டும் என்று சொல்லி, வாசலில் வந்து நின்ற வியாபாரியை நாளை மறுநாள் வரச் சொன்னார்.